மசோதா வந்ததும் நாடாளுமன்ற உறுப்பினர் என்ன செய்கிறார்?

சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "ஊரில் எம்எல்ஏக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். போன வருஷம்தான் இங்கே குடியுரிமை கிடைத்தது. நாடாளுமன்ற நேரலையைப் பார்க்கிறேன். ஒவ்வொரு மசோதாவுக்கும் பத்துப் பதினைந்து பேர் எழுந்து பேசுகிறார்கள். கடைசியில் 'இந்த மசோதாவை நான் ஆதரிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆளும் கட்சிக்கு 97 இடங்களில் 87. முடிவு முன்பே தெரிந்த விஷயத்தில் இவர்கள் அப்படி என்னதான் வேலை செய்கிறார்கள்?"

சில ஆண்டுகள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு மசோதாக்களைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் பகுதிநேர உதவியாளராக இருந்தேன். யார், எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கணக்கை ஒதுக்கி வையுங்கள் தம்பி. இங்கே மாநிலம் கிடையாது, மேலவை கிடையாது. இருப்பது ஒரே மன்றம். புறாவுக்குத் தீனி போடலாமா என்பதிலிருந்து அரசமைப்புச் சட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் அதே ஆட்கள்தான் பார்க்க வேண்டும். 2025 தேர்தலில் வென்ற 97 பேர், தோற்றாலும் நல்ல வாக்கு வாங்கியதால் உள்ளே வரும் எதிர்க்கட்சியினரான தொகுதியில்லா உறுப்பினர்கள் இரண்டு பேர், அப்புறம் தேர்தலில் நிற்காமல் அதிபர் நியமிக்கும் நியமன உறுப்பினர்கள் ஒன்பது பேர் வரை, அவ்வளவுதான். கூட்டத்தொடர் என்ற சொல்லுக்கும் இங்கே பொருள் வேறு. அதிபர் உரையோடு தொடங்கும் ஒரு கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல்கூட ஓடும். 14ஆவது நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர் 2020 ஆகஸ்டில் தொடங்கியது, இரண்டாவது 2023 ஏப்ரலில். வரவுசெலவுத் திட்டக் காலத்தைத் தவிர்த்தால் மன்றம் கூடுவது மாதத்துக்குச் சில நாள்தான்.

மசோதாவை உறுப்பினர்கள் எழுதுவதில்லை. அமைச்சு கொள்கையை வகுக்கும், தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தில் இருக்கும் வரைவாளர்கள் அதைச் சட்ட மொழியில் எழுதுவார்கள். அமைச்சர் எழுந்து மசோதாவை முன்வைப்பார், மன்றச் செயலாளர் அதன் தலைப்பை வாசிப்பார். அதுதான் முதல் வாசிப்பு. மூக்கைச் சிந்தி நிமிர்வதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கே மசோதாவின் முழு வடிவம் நாடாளுமன்ற இணையத்தளத்துக்கு வந்துவிடும். இரண்டாம் வாசிப்பு பெரும்பாலும் அடுத்த மாத அமர்வில் நடக்கும். (அவசரச் சான்றிதழ் இருந்தால் எல்லாம் ஒரே நாளில் முடியும். கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் மசோதா 2020 ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் அறிமுகமாகி நிறைவேறியது.)

நீங்கள் நேரலையில் பார்ப்பது அந்த இரண்டாம் வாசிப்பை. உறுப்பினரின் வேலை நடப்பது அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில்.

அந்த வாரங்களில் என்ன நடக்கும்? படிப்பு. அதுவும் இரவுப் படிப்பு. அமைச்சர் பதவி இல்லாத உறுப்பினர்களில் நிறையப் பேருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. வழக்கறிஞர், மருத்துவர், தொழிற்சங்கத்துக்காரர், நிறுவன அதிகாரி என்று பலவிதம். ஆராய்ச்சிக்கென்று தனி அலுவலகம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. என்னைப் போல ஒரு பகுதிநேர உதவியாளர், ஆர்வத்துக்காக வரும் நாலைந்து தொண்டூழியர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு. இதுதான் பட்டாளம்.

புதிய சட்டமாக இருந்தால் பரவாயில்லை, முதலிலிருந்து படித்துக்கொண்டு போகலாம். திருத்த மசோதாதான் தலைவலி. '14ஆவது பிரிவில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்க்க' என்று முப்பது பக்கம் ஓடும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்தையும் பென்சிலால் போட்டுப் பார்த்தால்தான் என்ன மாறுகிறது என்றே புரியும். முதல் முறை இதைச் செய்தபோது ஒரு கோப்பி ஓ வாங்கி வைத்துவிட்டு, அது ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது: 'அல்லது' இருந்த இடத்தில் 'மற்றும்'. முன்பு இரண்டு நிபந்தனைகளில் ஒன்று போதும், இனி இரண்டும் வேண்டும். விளக்கக் குறிப்பில் அதற்கு அரை வரிதான்.

அதன்பிறகு நான் மசோதாவைக் கடைசியிலிருந்து படிக்கப் பழகினேன். முதலில் பின்னால் இருக்கும் விளக்கக் குறிப்பு. பிறகு சொற்பொருள் பிரிவு, ஏனென்றால் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதில் பாதிச் சட்டம் அடங்கிவிடும். அடுத்து, அமைச்சர் விதிமுறைகள் வகுக்கலாம் என்று சொல்லும் பிரிவு. அங்கேதான் கவனம் வேண்டும். மசோதா வெறும் எலும்புக்கூடாக இருந்து, சதை முழுவதும் பின்னால் வரப்போகும் விதிமுறைகளில் இருந்தால், மன்றம் எதற்குச் சம்மதம் சொல்கிறது? அதைக் கேட்டு வாங்கிப் பதிவில் ஏற்ற வேண்டியது உறுப்பினரின் பொறுப்பு.

படிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. 1955இல் டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிவைத்த பழக்கம் அது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை பாக்கி, போக்குவரத்து அபராதம், விசா மறுப்பு என்று வருகிறவர்கள் யாரும் மசோதாவைப் பற்றிப் பேச வருவதில்லை. ஆனால் மசோதா எங்கே இடிக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

2024இல் வந்த இணையத்தள ஊழியர் மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் போன்றவர்களை முழு ஊழியராகவும் இல்லாமல் முழுச் சுயதொழில் செய்பவராகவும் இல்லாமல் இடையில் ஒரு தனி வகையாக்கிய சட்டம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு, மத்திய சேமநிதிப் பங்களிப்பு, தங்களுக்காகப் பேச ஒரு சங்கம் என்று மூன்று பெரிய விஷயங்கள். 2024 ஆகஸ்டில் அறிமுகமாகி, செப்டம்பர் 10ஆம் தேதி நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கூடுதல் சேமநிதிப் பங்களிப்பு 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம், மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம்.

காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு மசோதா பேச்சில் இருக்கும்போது கீழ்த்தளத்துக்கு வந்து உட்காரும் நாற்பத்தைந்து வயது அண்ணன் கேட்பது வேறு. "ஆர்டரை ஏற்றுக்கொண்டு கடைக்குப் போகும் வழியில் மழையில் வழுக்கி விழுந்தால் அது வேலையா? கடையில் சாப்பாடு தயாராகும்வரை நிற்கிறேனே, அது? இரண்டு செயலியும் திறந்து வைத்திருந்தேன், விழுந்தால் எந்தக் கம்பெனி பணம் தரும்?" இந்தக் கேள்விகளை மசோதாவின் எந்தப் பிரிவில் பொருத்துவது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. பொருந்துகிற இடம் கிடைத்தால் உறுப்பினருக்கு ஒரு நல்ல கேள்வி தயார். எங்கேயுமே பொருந்தவில்லை என்றால் அதைவிட நல்ல கேள்வி தயார்.

சரி, கேள்வி கேட்டுவிட்டு ஆதரித்து வாக்களித்தால் என்ன பயன்? தம்பியின் கேள்வியின் மையம் இதுதான். என் பதிலும் இங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரின் சட்டப் பொருள்விளக்கச் சட்டத்தில் 1993இல் 9ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு சட்டத்தின் வாசகத்துக்கு என்ன பொருள் என்று நீதிமன்றம் முடிவெடுக்கும்போது, மசோதாவோடு வந்த விளக்கக் குறிப்பையும், இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் பேசியதையும், நாடாளுமன்ற விவாதப் பதிவில் தொடர்புள்ள மற்றதையும் பார்க்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது பார்ப்பது என்ற வரிசையை 2017இல் டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னது. சட்டத்தின் வாசகம்தான் முதலில், அமைச்சர் பேச்சை வைத்து வாசகத்தையே புரட்டிப்போட முடியாது. ஆனாலும் இரண்டு பொருளுக்கு இடம்கொடுக்கும் ஒரு சொல் வரும்போது அந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

இப்போது நேரலையை மறுபடி யோசித்துப் பாருங்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, "இந்தப் பிரிவில் உள்ள இந்தச் சொல்லுக்குள் இன்ன நிலையில் இருப்பவர் அடங்குவாரா, அமைச்சர் தெளிவுபடுத்துவாரா?" என்று கேட்கிறார். அமைச்சர் நிறைவுரையில் "அடங்குவார்" என்கிறார். நாலு நொடி. யாரும் கைதட்டவில்லை, மறுநாள் செய்தியிலும் வரவில்லை. ஆனால் அந்த நாலு நொடி பதிவில் ஏறிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து ஒரு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை நீதிபதி முன் எடுத்து வைக்கலாம். அதற்கு முன்பே, அமைச்சின் அதிகாரி அந்தப் பதிலை மீறி விதிமுறை எழுதத் தயங்குவார்.

அதனால்தான், உறுப்பினர் சொந்தக் கருத்தைப் பதினைந்து நிமிடம் சொல்வதைவிட அமைச்சரின் வாயிலிருந்து ஒரு வரியை வரவழைப்பது பெரிய வேலை என்று நினைக்கிறேன். ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது 20 நிமிடம். "நம் மூத்த ஊழியர்களை அரசாங்கம் கவனித்துக்கொள்ளுமா?" என்று கேட்டால், "நிச்சயமாகக் கவனிக்கும்" என்று பதில் வரும். இரண்டும் காற்றோடு போச்சு. பிரிவு எண்ணைச் சொல்லி, ஒரு ஆளின் நிலைமையைச் சொல்லி, ஆமா இல்லையா என்று கேட்பவரிடம் அமைச்சர் அப்படி நழுவ முடியாது. நழுவினாலும் விளக்கக் கேள்வி நேரத்தில் மறுபடி எழுந்து கேட்கலாம். இந்தக் கலை தெரிந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள், தெரியாதவர்களும் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள்.

தமிழில் பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் உறுப்பினர் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. ஆங்கில உரையின் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் தமிழுக்கு ஒதுக்குவார்கள். அந்தப் பகுதியை எழுதித் தருவதும் சில சமயம் என் தலையில் விழும். வேலையிட நியாயத்தன்மை மசோதா வந்தபோது அதன் தமிழைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். 'ஃபேர்' என்பதற்கும் நியாயமான, 'ரீசனபிள்' என்பதற்கும் நியாயமான என்றுதான் நாம் எழுதுகிறோம். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஒரு முதலாளி நடந்துகொண்ட விதம் பாரபட்சம் இல்லாததா என்பது ஒரு கேள்வி, அந்தச் சூழலில் புத்தியுள்ள எவரும் அப்படித்தான் செய்திருப்பாரா என்பது வேறு கேள்வி. 'பாரபட்சமற்ற', 'ஏற்கத்தக்க' என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். மேடையில் பேச அது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தைத் தமிழர்கள் கவனித்திருக்க வேண்டும். வயது, இனம், சமயம், மொழித்திறன் போன்ற காரணங்களுக்காக வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. வேலைக்கு உண்மையிலேயே ஒரு மொழி தேவை என்றால் கேட்கலாம், இல்லாவிட்டால் கூடாது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு. லிட்டில் இந்தியாவான தேக்காவில் உள்ள எத்தனை கடைகள் அந்த விலக்குக்குள் போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மசோதா 2025 ஜனவரியில் நிறைவேறியது, புகார்களை எப்படித் தீர்ப்பது என்பதற்கான இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில். இரண்டும் சேர்ந்து நடப்புக்கு வருவதற்கு 2027 என்று குறித்திருக்கிறார்கள். நிறைவேறுவதும் நடப்புக்கு வருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் மன்றம் முழுவதும் குழுவாக மாறும். நாடாளுமன்ற நாயகர் தன் இருக்கையிலிருந்து இறங்கிக் குழுத் தலைவராக மேசையருகே உட்காருவார். பிரிவு பிரிவாக எடுத்துக்கொள்வார்கள். திருத்தம் கொடுக்க நினைப்பவர் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அரசாங்கமல்லாத உறுப்பினரின் திருத்தம் நிறைவேறுவது அபூர்வம். 2019 மே மாதம் பொஃப்மா எனப்படும் இணையப் பொய்ச் செய்திக்கு எதிரான மசோதாவுக்கு மூன்று நியமன உறுப்பினர்கள் சேர்ந்து திருத்தங்கள் கொண்டுவந்தார்கள். ஏற்கப்படவில்லை. மசோதா 72க்கு 9 என்று நிறைவேறியது. எண்களைப் பார்த்தால் தோல்வி. ஆனால் பதிவைப் படித்தால், எந்தெந்த அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று அவர்கள் குறித்த இடங்கள் தெளிவாக இருக்கின்றன.

சில மசோதாக்கள், அவற்றை ஆராயச் சில உறுப்பினர்களை மட்டும் கொண்டு அமைக்கும் தெரிவுக் குழுவுக்குப் போகும். அங்கே பொதுமக்களே எழுதிக் கொடுக்கலாம், அழைத்தால் நேரில் போய்ச் சொல்லலாம். பல வேட்பாளர்கள் ஓரணியாக நிற்கும் குழுத்தொகுதி முறையைக் கொண்டுவந்த 1988 மசோதாவும் 1990இன் சமய நல்லிணக்க மசோதாவும் அந்த வழியாகத்தான் வந்தன. இப்போதெல்லாம் மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்புவது குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கட்சிக் கொறடா விஷயத்தையும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஆளும் கட்சி உறுப்பினர் கட்சி முடிவுப்படிதான் வாக்களிக்க வேண்டும். மனவேறுபாட்டை மூடிய கதவுக்குப் பின்னால், 1987இல் தொடங்கிய, ஆளும் கட்சி உறுப்பினர்களின் அரசாங்க நாடாளுமன்றக் குழுக்கள் போன்ற இடங்களில் சொல்லலாம். அங்கே நடந்தது நமக்குத் தெரியாது, அது இந்த முறையின் குறை. கொறடா கட்டுப்பாட்டை விலக்குவது அரிது. 1969இல் கருக்கலைப்பு மசோதாவுக்கு விலக்கினார்கள். 2022 நவம்பரில் ஆண்களுக்கிடையிலான ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியபோது ஆளும் மக்கள் செயல் கட்சி விலக்கவில்லை, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி விலக்கியது. 93 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் இருவர் பாட்டாளிக் கட்சி, ஒருவர் நியமன உறுப்பினர். இதெல்லாம் பெயர்வாரியாகத் தெரிவது வாக்கெடுப்பு நடந்ததால்தான். சாதாரணமாகக் குரல் வாக்கில் முடிந்துவிடும். ஐந்து உறுப்பினர்களாவது எழுந்து கேட்டால்தான் முறையான வாக்கெடுப்பு.

உறுப்பினரே மசோதா கொண்டுவர முடியாதா என்றால், முடியும். தனி உறுப்பினர் மசோதா என்று பெயர். வரி போடுவதோ அரசாங்கப் பணத்தைச் செலவழிப்பதோ அதில் இருந்தால் அதிபரின் பரிந்துரை வேண்டும், அதை ஓர் அமைச்சர்தான் தெரிவிக்க முடியும். ஆகவே பணம் கேட்காத விஷயமாகத்தான் இருக்கும். நியமன உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்பு மசோதா தெரிவுக் குழுவுக்கெல்லாம் போய் 1995இல் சட்டமானது. நம் வீடுகளில் அப்போது எத்தனை சண்டை! பெற்ற பிள்ளையிடம் சோறு கேட்கச் சட்டமா என்று பெரியவர்களே கோபப்பட்டார்கள். அதே காலத்தில் இன்னொரு நியமன உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறை மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. ஆனால் அதிலிருந்த பல யோசனைகள் 1996இல், பெண்கள், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் திருத்தமாக அரசாங்கத்தின் கையாலேயே வந்தன. தோற்ற மசோதாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிறகு 2014இல் ஆள்கடத்தல் தடுப்பு மசோதா. 2020இல் லூயிஸ் இங் கொண்டுவந்த வனவிலங்கு மசோதா. மேலே சொன்ன புறா அங்கேதான் வருகிறது.

மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு பெரும்பாலான மசோதாக்கள் சிறுபான்மை உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்குப் போகும். ஏதாவது ஓர் இனத்தையோ சமயத்தையோ பாதிக்கும் வேறுபாடு அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதிபர் ஒப்புதல், அரசிதழ், அமைச்சர் குறிக்கும் நாள்.

கடைசியாகத் தம்பிக்கு. உங்களுக்குப் படும் ஒரு மசோதா வந்தால், முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவில் உறுப்பினருக்கு எழுதுங்கள். விவாதம் முடிந்த மறுநாள் வரும் மின்னஞ்சலால் ஒன்றும் ஆகாது. "இந்தச் சட்டம் மோசம்" என்று எழுதினால் ஒரு நன்றிக் கடிதம் வரும். "12ஆவது பிரிவின்படி என் மனைவி இந்த வகையில் வருவாரா?" என்று ஒரு பக்கத்தில் எழுதினால், உதவியாளர் யாராவது அதை அடிக்கோடிட்டு உரைக் குறிப்பின் மேல் வைப்பார். நான் அப்படித்தான் செய்தேன். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, பிரிவு எண் மட்டும் சரியாக இருக்கட்டும்.